வேலியும் பயிரும்

குழந்தைகளைக் காப்பதற்கெனச் சமுதாயம் ஒரு சட்டத்தை இயற்றுகின்றது. 30 ஆண்டுகள் கழிந்தபின் அச்சட்டத்தைக் கையிலேந்திய அதிகாரி ஒருவர் குழந்தைகளையே குற்றவாளிகள் என்று அழைக்கின்றார். வேலியே பயிரை மேய்ந்தது என்று எம்மவர் கூறும் பழமொழிக்கு இதனினும் பொருத்தமான உதாரணத்தைக் காண்பது அரிது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நிகழ்ந்த அந்தச் சரித்திரத்தை வாசகர்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொருள் கூச்சம் தருவதுதான். கட்டிளம் பருவத்துப் பிள்ளைகள் தம் உடலைத் தாமே படம்பிடித்துக் கைத்தொலைபேசி வாயிலாக ஒருவருக்கொருவர் அனுப்பும் வழக்கம் பற்றியது இது. ஆங்கிலத்தில் இது ‘செக்ஸ்டிங்’ எனப் பெயர்பெற்றது. இதனைப் பேசாதொழிவதே பண்பாடு எனச் சிலர் கருதலாம். பெரியோரின் மௌனத்துக்குச் சிறியோர் செலுத்திய விலை யாது என்பதை அறிந்தபின் அவ்வாறு கருதுதல் இயலாது.

இச்சரித்திரத்தின் வேர்கள் கைத்தொலைபேசிக்கு மிக முற்பட்டவை. 1873இல் அமெரிக்கக் காங்கிரஸ், ‘கொம்ஸ்டொக் சட்டம்’ எனப் பின்னர் பெயர்பெற்ற சட்டத்தை நிறைவேற்றி, ஆபாசமெனக் கருதப்பட்டவற்றைத் தபாலில் அனுப்புவதைக் குற்றமாக்கிற்று. கருத்தடை பற்றிய அறிவும் அத்தடையுள் அடங்கியது. 1915இல் மேரி வெயர் டெனற் என்னும் பெண்மணி, வளர்ந்துவந்த தம் இரு புதல்வர்களுக்குக் கொடுப்பதற்கு உண்மை கூறும் நூலொன்றைத் தேடி, எதனிலும் திருப்தி காணாது, தாமே ஒரு விளக்கத்தை எழுதினார். ‘வாழ்வின் பாலியற் பக்கம்’ என்னும் பொருள்படும் தலைப்புடன் அது சிறு நூலாக 1919இல் வெளிவந்தது. கிறிஸ்தவ வாலிபர் சங்கங்களும் அதனை வாங்கி விநியோகித்தன. தபாற் பகுதியோ 1922இல் அதனை ஆபாச நூலெனத் தடைசெய்தது. 1929இல் புறூக்ளினில் நடந்த வழக்கில் அத்தாய் குற்றவாளியாகக் காணப்பட்டு 300 டொலர் தண்டம் விதிக்கப்பட்டார். மறு ஆண்டிலே மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கிற்று. பிள்ளைக்கு உண்மையைக் கூறுவது ஆபாசமன்று என்பதை நிலைநாட்ட ஒரு தாய் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. அவருக்குத் துணைநின்றது அமெரிக்கக் குடியியல் உரிமைச் சங்கம். 80 ஆண்டுகள் கழித்து அதே சங்கம் வேறு சில தாய்மாருக்காக மீண்டும் நீதிமன்றம் செல்வதை இக்கட்டுரையிற் பின்னர் காண்போம்.

டெனற் விடுதலை பெற்றார். அவர் எதிர்த்த மனப்பான்மை விடைபெற்றுச் செல்லவில்லை. 1981இல் இயற்றப்பட்ட சட்டமொன்று, கட்டிளைஞருக்குப் பாலுறவு விலக்கைப் போதிக்கும் திட்டங்களுக்கு அரச பணத்தை வழங்கத் தொடங்கிற்று. 1994 டிசம்பரில் நாட்டின் தலைமைச் சுகாதார அதிகாரியாயிருந்த டொக்டர் ஜொய்செலின் எல்டர்ஸ், எயிட்ஸ் நோய் பற்றிய மாநாட்டில் பாலியற் கல்வி குறித்த வினாவொன்றுக்கு ஒளிவுமறைவின்றி விடையளித்தமைக்காக ஜனாதிபதி கிளின்டனாற் பதவி நீக்கப்பட்டார். 1996இன் சட்டமோ ஆண்டுதோறும் 50 மில்லியன் டொலரை இப்போதனைக்கென ஒதுக்கிற்று. விவாகத்துக்குப் புறம்பான உறவு உளத்துக்கும் உடலுக்கும் தீங்கு பயக்கக்கூடியது எனக் கற்பித்தல் அப்பணத்தைப் பெறுவதற்கான நிபந்தனைகளுள் ஒன்று. இத்திட்டங்களுட் சிலவற்றைப் பல ஆண்டுகள் பரிசீலித்த ஆய்வொன்றின் முடிவு 2007 ஏப்ரலில் வெளியாயிற்று. அப்போதனையைப் பெற்ற மாணவருக்கும் பெறாத மாணவருக்குமிடையே பாலுறவைத் தவிர்ப்பதில் வேறுபாடு காணப்படவில்லை என்பதே அம்முடிவு.

அறிவின் வாயில் இவ்வாறு அடைபட்டிருந்த அதே காலத்திற் கருவியின் வாயில் அகலத் திறந்தது. 2004இல் அமெரிக்காவின் 12 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளில் 45 வீதத்தினரிடம் கைத்தொலைபேசி இருந்தது. 2008இல் இத்தொகை 71 வீதமாயிற்று. கருவியை விற்ற கம்பெனிகள் அதனுட் புகைப்படக் கருவியையும் வைத்து விற்றன. இளைஞர் உள்ளத்தில் ஆசையைக் கிளறி இலாபம் ஈட்டும் விளம்பர உலகம் இரவுபகலாக இயங்கிற்று. உடலைப் பற்றிக் கேட்கப் பாடசாலையில் இடமில்லை. உடலைக் காட்டக் கையிற் கருவி உண்டு. இம்முரண்பாட்டை உண்டாக்கியவர் பிள்ளைகள் அல்லர்.

இனிச் சட்டத்தின் பக்கம் திரும்புவோம். சிறுவரின் ஆபாசப் படங்களை எடுத்து விற்றுப் பொருளீட்டிய கயவர் கூட்டத்தை ஒடுக்குவதற்கென 1977இல் மத்திய அரசு சட்டமொன்றை இயற்றியது. மாநிலங்களும் அவ்வழி சென்றன. இத்தகைய படங்களுக்குப் பேச்சுரிமையின் பாதுகாப்பு இல்லை என உயர் நீதிமன்றம் 1982இல் தீர்த்தது. படம் எடுக்கப்படும்போதே குழந்தை துன்புறுத்தப்படுகின்றது. படம் உலவுந்தோறும் அத்துன்பம் நீள்கின்றது. ஆகவே சந்தையையே ஒழித்தல் வேண்டும் என்பது அத்தீர்ப்பின் நியாயம். மறுக்கவொண்ணாத நியாயம் அது. 1984இல் சட்டம் மேலும் இறுக்கப்பட்டது. குழந்தை என்பதற்கான வயதெல்லை 16இலிருந்து 18ஆக உயர்ந்தது. விற்பனை நோக்கம் இருத்தல் வேண்டும் என்ற நிபந்தனையும் நீங்கிற்று. இவற்றை இயற்றியோரின் மனக்கண்முன் நின்றவன் குழந்தையை விலைப்பொருளாக்கிய வளர்ந்த மனிதனே. படம் எடுப்பவரும் படத்தில் இருப்பவரும் ஒரே சிறுமியாக இருக்கக்கூடும் என்பது அன்று எவரது கற்பனைக்கும் எட்டவில்லை.

*

பென்சில்வேனியா மாநிலத்தின் வடகிழக்கே டங்கானக் என்னும் சிற்றூர் உள்ளது. 2008 ஒக்டோபரில் அவ்வூர்ப் பாடசாலை அதிகாரிகள் மாணவர் சிலரின் கைத்தொலைபேசிகளைக் கைப்பற்றி, மாணவியர் சிலரின் படங்கள் அவற்றில் இருப்பதையும் மாணவர்கள் அவற்றைத் தமக்குள் பரிமாறி வந்ததையும் கண்டனர். பெற்றோரை அழைத்துப் பேசியிருக்கலாம். சுகாதார ஆசிரியரைக் கொண்டு வகுப்புகள் நடத்தியிருக்கலாம். தொலைபேசிகளோ மாவட்ட வழக்குத்தொடுநர் ஜோர்ஜ் ஸ்குமானிக்கின் கைக்குச் சென்றன.

2009 பெப்ரவரியில் அவர் ஏறக்குறைய 20 மாணவரின் பெற்றோருக்குக் கடிதம் அனுப்பினார். படங்களை வைத்திருந்தோரும் படங்களில் இருந்த சிறுமியரும் ஒரே வரிசையில் நிறுத்தப்பட்டனர். தாம் வகுத்த சீர்திருத்த வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்ப வேண்டும்; அன்றேல் சிறுவர் ஆபாசப்படக் குற்றம் சாட்டப்படும் என்பது கடிதத்தின் சாரம். குற்றம் நிரூபிக்கப்படின் நெடுஞ்சிறைத் தண்டனையும், பாலியற் குற்றவாளிகள் பட்டியலில் ஆண்டுக்கணக்காகப் பெயர் பொறிக்கப்படும் இழிவும் நேரக்கூடும்.

சிறுமியர் செய்ததுதான் யாது? இருவர் ஏறக்குறைய 13 வயதில், விளையாட்டாகச் சிரித்துக்கொண்டிருந்தபோது எடுக்கப்பட்ட படமே ஒரு வழக்கின் பொருள். நீச்சலுடையில் எடுக்கும் படத்தினின்றும் அது பெரிதும் வேறுபட்டதன்று. நீச்சலுடைப் படத்துக்கும் வழக்குத் தொடுக்க முடியுமா என்று கூட்டத்தில் ஒரு தந்தை வினவினார். தோரணை தூண்டுதலானது என்று வழக்குத்தொடுநர் விடையிறுத்தார். எது தூண்டுதல் என்பதைத் தீர்மானிப்பவர் யார் என்ற அடுத்த கேள்விக்கு அவர் விவாதிக்க விரும்பவில்லை.

அவ்வகுப்பின் பாடத்திட்டம் எமது சிறப்பான கவனத்துக்கு உரியது. மாணவியர் தாம் செய்தது யாது, அது ஏன் தவறு என்பன குறித்துக் கட்டுரை எழுதுதல் வேண்டும். இன்றைய சமுதாயத்திற் பெண்ணாயிருத்தல் என்பதன் பொருளையும் அவர்கள் அங்கே கற்றறிதல் வேண்டும். படத்தைக் கைக்குக் கை கடத்திய செயலன்று, படத்திற் பெண் தோன்றிய செயலே இங்கே பாடப்பொருளாகின்றது. அவளது நம்பிக்கைக்குத் துரோகம் இழைத்தவன் யாவன் என்ற வினா பின்தள்ளப்பட்டு, அவள் எவ்வாறு பெண்ணாக நடத்தல் வேண்டும் என்ற வினா முன்னே வருகின்றது. பெண்ணின் நடத்தையைக் காவல் செய்வதே ஒழுக்கம் என்னும் பழைமைவாதம், புதிய கருவியின் பெயரால் மீண்டும் சிம்மாசனம் ஏறிய காட்சி இதுவாகும்.

மூன்று குடும்பங்களைத் தவிர ஏனையோர் அனைவரும் இணங்கினர். அச்சம் அவ்வளவு பெரிது. இணங்காத மூன்று தாய்மாரும் தம் புதல்வியருடன் குடியியல் உரிமைச் சங்கத்தின் துணைகொண்டு 2009 மார்ச்சில் வழக்குத் தொடுத்தனர். நீதிபதி ஜேம்ஸ் மன்லி சில நாட்களுள் இடைக்காலத் தடை விதித்தார். 2010 மார்ச் 17ஆம் நாள் மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தடையை உறுதிசெய்தது. தான் நம்பாத ஒன்றைத் தன் கருத்தாக எழுதுமாறு ஒரு மாணவியை வழக்கு மிரட்டலால் வற்புறுத்தல் ஆகாது. ஒழுக்கம் பற்றியும் பெண்மை பற்றியும் தாம் கொண்ட கொள்கையைப் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாகப் பிள்ளைமேற் சுமத்த வழக்குத்தொடுநருக்கு உரிமை இல்லை. அவர் ஆசிரியர் அல்லர் என்பதே நீதிமன்றத்தின் நிலைப்பாட்டின் சாரம். அச்சிறுமியர்மீது குற்றம் சாட்டப்படவில்லை. தன் தொலைபேசியைப் பாடசாலை அதிகாரி துருவிப் பார்த்தமைக்கு எதிராக வேறொரு மாணவி தொடுத்த வழக்கும் அதே ஆண்டிற் பாடசாலை நிர்வாகம் 33,000 டொலர் வழங்க இணங்கியதோடு முடிந்தது.

டங்கானக் தீர்ப்பை ஒழுக்கத்துக்கு எதிரான தீர்ப்பென எண்ணுதல் தவறாகும். கல்வியைப் பற்றிய ஓர் அடிப்படை உண்மையை அது வெளிப்படுத்திற்று. சிறைக்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கற்பிக்கப்படுவது பாடமன்று. அஞ்சிய பிள்ளை, கேட்பவர் விரும்பும் விடையை எழுதுவாள். உண்மையை ஒருபோதும் எழுதமாட்டாள்.

*

டங்கானக்கில் நிகழ்ந்தது தனியொரு மனிதரின் பிடிவாதத்தால் மட்டும் விளைந்ததா? அவ்வாறன்று. அக்காலத்து அமெரிக்கா முழுவதையும் ஒருவகைப் பீதி பற்றியிருந்தது. 2008இன் இறுதியில் வெளியான கணிப்பொன்று ஐவரில் ஓர் இளைஞர் இத்தகைய படத்தை அனுப்பியதாகக் கூறிற்று. பத்திரிகைகள் அதனைப் பறைசாற்றின. அக்கணிப்பில் 18, 19 வயதினரும் அடங்கியிருந்தமை பலரது கண்ணிற் படவில்லை. 2009இல் பியூ ஆய்வு நிலையம் 12 முதல் 17 வயதினரை மட்டும் விசாரித்தபோது அனுப்பியோர் 4 வீதத்தினர் எனவும், பெற்றோர் 15 வீதத்தினர் எனவும் கண்டது. வழக்கம் பின்னர் பரவியது உண்மை. பல நாடுகளின் 39 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான ஆய்வு, அனுப்பியோரை ஏறக்குறைய 15 வீதமெனவும், பெற்றுக்கொண்டோரை 27 வீதமெனவும் கணித்தது. அதே ஆய்வில் இன்னோர் எண்ணும் உண்டு. உரியவரின் இசைவின்றிப் பிறருக்குப் படத்தைக் கடத்தியோர் 12 வீதத்தினர். தீங்கு விளையும் இடம் இதுவே.

அத்தீங்கு எத்தகையது என்பதற்கு இரு மரணங்கள் சான்றாகும். 2008இல் ஒகாயோ மாநிலத்திலும், 2009இல் புளோரிடாவிலும் இரு மாணவியர் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர். முன்னவருக்கு வயது 18. பின்னவருக்கு வயது 13. இருவரும் ஒருவரை நம்பி அனுப்பிய படம் பாடசாலை முழுதும் பரவிற்று. நாள்தோறும் ஏளனச் சொற்கள் அவர்களைத் துரத்தின. 13 வயதுச் சிறுமிக்குப் பாடசாலை அளித்த மறுமொழி அவளையே வகுப்பிலிருந்து இடைநிறுத்தியதாகும். தாக்குண்டவளைத் தண்டித்துவிட்டு, தாக்கியோரின் நடுவே மீண்டும் அனுப்பிய அந்த ‘ஒழுங்கு’ யாருடைய ஒழுங்கு என்று நாம் வினவுதல் வேண்டும்.

அமெரிக்கப் பாடசாலை ஒழுங்குமுறை அக்காலத்திலே கல்லாய் இறுகியிருந்தது. 1994இல் துப்பாக்கி கொணரும் மாணவரை ஓராண்டு விலக்க வேண்டுமென்ற மத்திய சட்டம் பிறந்தது. காரணம் கேளாது தண்டிக்கும் அம்முறை பின்னர் சில்லறைத் தவறுகளுக்கும் விரிந்தது. இதன் பளு எல்லார் தோளிலும் சமமாக இறங்கவில்லை. கறுப்பின மாணவர்கள் வெள்ளை மாணவரைவிட மும்மடங்கு வீதத்தில் இடைநிறுத்தப்பட்டனர் என்பதை அந்நாட்டுக் கல்வித் திணைக்களத்தின் 2011–2012 பாடசாலை ஆண்டுக்கான தரவுகளே காட்டின. தண்டனையை மட்டும் நம்பும் பாடசாலையில் தண்டனை எங்கே முதலில் விழும் என்பதைச் சமுதாயத்தின் ஏற்றத்தாழ்வே தீர்மானிக்கின்றது.

பீதி ஆசிரியரையும் விட்டுவைக்கவில்லை. 2008இல் வர்ஜீனியா மாநிலத்து உப அதிபர் ஒருவர், அதிபரின் பணிப்பின்படி இத்தகைய படமொன்றைப் பற்றி விசாரித்து அதனைச் சான்றாக வைத்திருந்தமைக்காகத் தாமே சிறுவர் ஆபாசப்படக் குற்றச்சாட்டுக்கு ஆளானார். 2009இல் நீதிபதி அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தார். ஆயினும் அச்செய்தியைப் படித்த ஆசிரியர் எவர், துன்புற்று வரும் மாணவியின் முறையீட்டைத் துணிந்து கேட்க முன்வருவார்?

மாநிலங்கள் மெல்ல மெல்லச் சட்டத்தைத் திருத்தத் தொடங்கின. 2009இல் வெர்மொன்ட், இளம் பிள்ளைகளை ஆபாசப்படச் சட்டத்தின் கொடும்பிடியினின்றும் விலக்கிற்று. 2011இல் புளோரிடா, முதற் தவறுக்கு 8 மணி நேரச் சமூகப் பணி அல்லது 60 டொலர் தண்டம் என விதித்தது. டெக்சாஸ் அதே ஆண்டில் மாணவருக்கும் பெற்றோருக்குமான கல்வித் திட்டத்தைச் சட்டத்தில் இணைத்தது. 2015இல் கொலராடோவின் கனியன் நகர உயர்தரப் பாடசாலையில் 100க்கு மேற்பட்ட மாணவர் தொடர்புற்றமை வெளிப்பட்டபோது, பாடசாலை தன் உதைபந்தாட்டப் போட்டியையே கைவிட்டது. ஆயினும் வழக்குத்தொடுநர் எவர்மீதும் குற்றம் சாட்டவில்லை. 2017இல் அம்மாநிலம் இயற்றிய சட்டம், இருவர் இசைந்து பரிமாறுவதையும் ஒருவரைப் புண்படுத்தப் பரப்புவதையும் வெவ்வேறாக நோக்கிற்று. டங்கானக்கில் எவரும் கேளாத கேள்வி கடைசியிற் சட்டப் புத்தகத்தில் இடம்பெற்றது.

எனினும் முன்னேற்றம் நேர்கோட்டிற் செல்வதில்லை. 2019இல் மேரிலாந்தின் உச்ச மேன்முறையீட்டு நீதிமன்றம், தான் தோன்றும் படத்தை இரு நண்பருக்கு அனுப்பிய 16 வயது மாணவியைச் சிறுவர் ஆபாசப்படச் சட்டத்தின் கீழ்ப் பொறுப்பாளியாக்கலாம் எனத் தீர்த்தது. அந்நண்பரே பின்னர் அதனைப் பிறருக்குப் பரப்பினர். சட்டத்தின் சொற்கள் அவ்வாறு உள்ளன. மாற்றுவது சட்டசபையின் கடமை என்பது நீதிமன்றத்தின் நோக்கு.

*

தண்டனை போதாதெனின் கல்வி போதுமா? எத்தகைய கல்வி என்பதைக் கூறாது இவ்வினாவுக்கு விடையளித்தல் இயலாது. முதலில் எழுந்த பாடங்கள் பெரும்பாலும் ஒரே மந்திரத்தை ஓதின: “படம் எடாதே, எடுத்தால் வாழ்வு பாழாகும்.” விலக்குப் போதனையின் பழைய குரலே இது. இது எச்சரிக்கையாகலாம், சுகாதாரக் கல்வியாகாது. ஏற்கெனவே அனுப்பிவிட்ட பிள்ளைக்கு இதிலே ஆறுதல் இல்லை. வற்புறுத்திக் கேட்பவனிடம் மறுப்பது எவ்வாறு என்பது இதில் இல்லை. கேட்டவனுக்கும் கடத்தியவனுக்கும் பார்த்துச் சிரித்தவனுக்கும் இதிலே ஒரு சொல்லும் இல்லை.

நிபுணர் குழுக்கள் 2012இல் வகுத்து 2020இல் விரிவாக்கிய தேசியப் பாலியற் கல்வி நெறிகளும், 2016இல் நடைமுறைக்கு வந்த கலிபோர்னியச் சட்டமும் வேறொரு வழியைக் காட்டின. அவ்வழியில் உடலறிவு ஆரோக்கியமான உறவு பற்றிய அறிவோடு இணைக்கப்படுகின்றது. இசைவு என்றால் என்ன, மறுப்பை மதிப்பது எவ்வாறு என்பன பாடமாகின்றன. இக்கல்வியில் மாணவனும் மாணவியும் ஒருங்கே அமர்ந்து, பிறர் தம்மீது வைக்கும் நம்பிக்கை ஒரு பொறுப்பு என்பதைக் கற்கலாம்.

இவ்வேறுபாடு எத்துணை முக்கியமானது என்பதை அண்மைக் காலம் கடுமையாக உணர்த்திற்று. நியூ ஜேர்சி மாநிலம், இத்தகைய படங்களை அனுப்புவதன் விளைவுகளை நடுநிலைப் பாடசாலையிற் கற்பிக்க வேண்டுமென 2018இல் சட்டம் இயற்றிய மாநிலமாகும். அதே மாநிலத்தின் வெஸ்ட்பீல்ட் நகரில் 2023இல், செயற்கை அறிவு இயந்திரத்தைக் கொண்டு மாணவியரின் சாதாரண முகப்படங்களிலிருந்து பொய்யான ஆபாசப் படங்கள் ஆக்கப்பட்டன. அம்மாணவியர் படம் எடுக்கவில்லை, அனுப்பவுமில்லை. “எடாதே” என்ற மந்திரம் அவர்களை எவ்வாறு காத்திருக்கும்? பெண்ணின் அடக்கத்தில் மட்டுமே பாதுகாப்பைத் தேடிய போதனை முழுவதும் அன்று பொருளிழந்தது. 2025 மே மாதத்தில் இயற்றப்பட்ட மத்திய சட்டம், உரியவரின் இசைவின்றி இத்தகைய படங்களை, பொய்யாக ஆக்கப்பட்டவை உட்பட, வெளியிடுவதைக் குற்றமாக்கியது. முறைப்பாடு கிடைத்து 48 மணி நேரத்துள் நிறுவனங்கள் அவற்றை அகற்ற வேண்டும் எனவும் விதித்தது. குற்றம் எடுப்பதிலன்று, காட்டிக்கொடுப்பதிலேயே உள்ளது என்னும் உண்மையைச் சட்டம் அணுகுவதற்கு டங்கானக் நிகழ்ச்சியிலிருந்து 16 ஆண்டுகளுக்கு மேற் சென்றன.

இச்சரித்திரத்தினின்றும் நாம் பெறும் படிப்பினை தெளிவானது. பிள்ளைகளை வைத்துப் பொருளீட்டும் வளர்ந்த கயவருக்குச் சட்டத்தின் முழுப் பளுவும் வேண்டும்; அதில் இரக்கத்துக்கு இடமில்லை. பிறர் நம்பிக்கையைக் குலைத்துப் படம் பரப்பும் மாணவனுக்குப் பாடசாலை ஒழுங்கு வேண்டும். அவனைத் திருத்தும் ஒழுங்காக அது இருத்தல் வேண்டும். புண்பட்ட பிள்ளைக்கோ தண்டனை வேண்டுவதில்லை. தன்னைக் குற்றவாளியாக நோக்காத ஒரு முகம் வேண்டும். அந்த முகம் வகுப்பாசிரியருடையதாக இருக்கலாம். சுகாதாரப் பாடம் நடத்தும் ஆசிரியையுடையதாக இருக்கலாம். தாயினுடையதாக இருப்பின் மிக நன்று. மூன்றையும் ஒரே பிரம்பால் அளந்த காரணத்தால் அமெரிக்கப் பாடசாலைகளும் நீதிமன்றங்களும் பல இளம் வாழ்வுகளைக் கசக்கின.

1915இல் ஒரு தாய் தன் பிள்ளைகளுக்கு உண்மையை எழுதிக் கொடுக்க முன்வந்தார். தேசம் அவரைக் குற்றவாளியாக்கியது. 2009இல் மூன்று தாய்மார் தம் பிள்ளைகளைக் குற்றவாளிகளென ஒப்புக்கொள்ள மறுத்தனர். இரு காலங்களிலும் பெரியோரை ஆட்டிப்படைத்தது ஒரே அச்சந்தான். அறிவைக் கொடுத்தாற் பிள்ளை கெட்டுவிடும் என்ற அந்த அச்சத்தைக் கைவிடாதவரை, எத்தனை சட்டங்கள் இயற்றினும் வேலி பயிரை மேய்ந்துகொண்டே இருக்கும்.